ஒரு நாளைக்கு முப்பது மாத்திரை

மனித உடம்பிலிருந்து வெளியே வரக்கூடிய எதைப் பார்த்தும் மருந்தம்மா முகம் சுளித்ததில்லை. அந்த மூலைக் கடையின் கவுண்ட்டருக்குப் பின்னால் இருபத்தாறு வருடங்களாக நிற்கிறவள். சளியைக் காகிதத்தில் மடித்து எடுத்துவந்து, "இது மஞ்சளா பச்சையா, நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றவர்கள் உண்டு. சொல்லக்கூடாத இடத்தில் வந்த கொப்புளத்தைப் போட்டோ எடுத்து, அதை இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டியவர்கள் உண்டு. ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு, சீழ் பிடித்த காலையே தூக்கிக் கவுண்ட்டர் மேல் வைத்தார். "அந்தக் கண்ணாடி ஏற்கெனவே விரிசல், கொஞ்சம் இந்தப் பக்கமா வைங்க" என்று காலுக்கு இடம் காட்டினாளே தவிர, மூக்கைப் பொத்தவில்லை.

அப்பேர்ப்பட்டவளுக்கு முதன்முதலாகக் குமட்டியது ஒரு துண்டுப் பிரசுரத்தைப் பார்த்து.

வழவழப்பான தாள். நடுவில் இரண்டு கைகள் குலுக்கிக்கொண்டிருந்தன. ஒரு கையில் அரசாங்கத்துக்கே உரிய கஞ்சி போட்ட சட்டைமுனை, இன்னொன்றில் கம்பெனிக்கே உரிய கனமான கைக்கடிகாரம். கீழே கொட்டை எழுத்தில், "இனி யாருக்கும் மருந்து இல்லை என்ற நிலை இல்லை." மருந்தம்மா அதில் எத்தனை 'இல்லை' என்று எண்ணினாள். இரண்டு. கைக்கு ஒன்று என்று வைத்திருக்கிறார்கள் போலும் என்று நினைத்துக்கொண்டாள்.

அதன் பெயர் இரு கைத் திட்டம். அநியாயமாக ஒன்றும் சொல்லக்கூடாது. திட்டம் வந்த முதல் வாரத்திலேயே, வேலையும் இல்லாத, காப்பீடும் இல்லாத ஒரு சர்க்கரை நோயாளிப் பெண்மணி ஊசி மருந்தை இலவசமாக வாங்கிக்கொண்டு, வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "இது நிஜமாவே எனக்குத்தானா? அப்புறம் வந்து பிடுங்கிக்க மாட்டீங்களே?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அன்றைக்கு மருந்தம்மாவும் வீட்டில் போய்ப் புருஷனிடம் திட்டத்தைப் புகழ்ந்தாள். புருஷன் எதையும் உடனே நம்புகிற ரகம் இல்லை. "ரெண்டு பேர் சேந்து ஒரு பாரத்தைத் தூக்கினா, ரெண்டு பேருமே சும்மா பிடிச்ச மாதிரி நடிக்கலாம். பீரோ தூக்கினப்ப உன் அண்ணன் பண்ணலை?" என்றார்.

பீரோ விஷயத்தில் அவர் சொன்னது உண்மை. திட்டத்திலும் அதுதான் நடந்தது.

ஏற்பாடு இப்படி. வேலை பார்க்கிற இடத்தில் காப்பீடு உள்ளவர் என்றால், முதலில் காப்பீட்டுக் கம்பெனியைக் கேட்க வேண்டும். கம்பெனி சரி என்றால் கம்பெனி கொடுக்கும். மாட்டேன் என்றால் அந்த மறுப்புக்கு ஓர் எண் வரும். அந்த எண்ணைத் தட்டினால் அரசாங்கக் கை கொடுக்கும். காகிதத்தில் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு அழகு. ஆனால் கம்பெனிக்காரர்கள் புத்திசாலிகள். சரி என்றால் செலவு. மாட்டேன் என்றால் கெட்ட பெயர். இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு பதிலைக் கண்டுபிடித்தார்கள்: "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது." பரிசீலிக்க நாற்பது நாள் வரை விதியே அனுமதிக்கிறது. அந்த நாற்பது நாளும் கம்பெனியும் தராது, அரசாங்கமும் தராது. நோய் மட்டும் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"சரி, காசு போட்டு வாங்கிக்கிறேன்" என்றும் ஒருவர் சொல்ல முடியாது. விலை கூடின மருந்துகளைக் கடைகளில் வைக்கும் பழக்கமே திட்டத்தோடு போய்விட்டது. எல்லாம் மத்தியக் கிடங்கில் இருக்கும். ஒப்புதல் எண் போனால்தான் பெட்டி வரும். முன்பு காசில்லாதவனுக்கு மட்டும் மருந்து இல்லாமல் இருந்தது. இப்போது மருந்து இல்லாதது எல்லாருக்கும் சமம்.

கம்பெனியைத் தொலைபேசியில் கூப்பிட்டால் ஒரு பெண்குரல் வரும். தேனில் ஊறிய குரல். "உங்கள் ஆரோக்கியமே எங்கள் ஆனந்தம்" என்று தொடங்கி, இருபது நிமிடம் இசை போட்டு, கடைசியில் பரிசீலனையில் உள்ளது என்று சொல்லி, "வேறு ஏதாவது உதவி தேவையா?" என்று கேட்கும். வேறு என்றால் என்ன அர்த்தம்? இதுவரை என்ன உதவி நடந்தது? மருந்தம்மாவுக்குச் சீழ் பிடித்த கால் தேவலை என்று தோன்றும். கால் பொய் சொல்வதில்லை.

மருந்தம்மாவுக்கு ஒரு தம்பி. லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் லிஃப்ட் குழிக்குள் இறங்கி, இருட்டில் கம்பிவடத்தைத் தடவியே பழுது சொல்கிறவன். ஐந்து வருடத்துக்கு முன்னால் மூட்டுவாதம் வந்து அவன் விரல்கள் காலை வேளையில் பூட்டிக்கொள்ள ஆரம்பித்தன. பல்துலக்கும் பிரஷைப் பிடிக்க முடியாமல், குளியலறையில் உட்கார்ந்து அழுதவன். பல மருந்து மாற்றி, கடைசியில் ஒரு மாத்திரை கேட்டது. நாளைக்கு ஒன்று. அதைப் போட்டால் கை திறந்திருக்கும். நாலு நாள் விட்டால் வீங்கும். ரெண்டு வாரம் விட்டால் கை மூடிக்கொள்ளும். லிஃப்ட் குழிக்குள், பிடி நழுவினால் கீழே ஒன்பது மாடி. ஆகவே அவனுக்கு மாத்திரை தடைபடக்கூடாது. கதை மொத்தமும் இவ்வளவுதான்.

திட்டம் வந்த மூன்றாம் மாதம் தம்பியின் சீட்டு பரிசீலனைக்குப் போய்ப் பத்தொன்பது நாள் ஆகியிருந்தது; கையிலிருந்த மாத்திரையும் தீரப்போகிறது. பழைய கோரிக்கையை ரத்து செய்துவிட்டுப் புதிதாக அனுப்பிப் பார்க்கலாம் என்று ஒரு மதியம் மருந்தம்மா கணினி முன் உட்கார்ந்தாள். கணினியில் அந்த வாரம்தான் திரையை மாற்றியிருந்தார்கள். பழைய திரையில் மூன்றாவது கட்டம், மொத்த மாத்திரை எத்தனை என்பது. இருபத்தாறு வருடப் பழக்கம், விரலுக்குக் கண் தேவைப்படவில்லை; மூன்றாவது கட்டத்தில் முப்பது என்று தட்டி அனுப்பிவிட்டாள். புதுத் திரையில் மூன்றாவது கட்டம், ஒரு நாளைக்கு எத்தனை என்பது.

நாலே வினாடி. "அளவு மீறல். மறுக்கப்பட்டது." பக்கத்திலேயே பளபளவென்று ஒரு மறுப்பு எண்.

அப்போதுதான் மருந்தம்மா கட்டத்தின் பெயரைப் படித்தாள். தட்டில் ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணி, கட்டிய பின்பும் இன்னொரு தரம் எண்ணுகிறவள். ஒரு மாத்திரை கூடக் குறைய யாருக்கும் கொடுத்ததில்லை. திருத்தப் போனாள். போன கை நின்றது. இந்த எண்ணுக்காக அல்லவா ஊர் மொத்தமும் நாற்பது நாள் தவம் கிடக்கிறது? அரசாங்கப் பக்கத்தைத் திறந்தாள். அது மறுப்பு எண்ணை மட்டும் கேட்டது. ஏன் மறுத்தார்கள் என்று கேட்கவே இல்லை. எண்ணைப் போட்டு, அங்கே சரியாக, நாளைக்கு ஒன்று என்று தட்டினாள். பச்சை விளக்கு எரிந்தது. மறுநாள் பத்தரை மணிக்குப் பெட்டி வந்து இறங்கியது.

அதற்கப்புறம் என்ன? ஒரு மனுஷி எத்தனை நாளைக்குத்தான் யோக்கியமாக இருப்பாள்? ஆஸ்துமாக்காரருக்கு நாளைக்கு நாற்பது தடவை உறிஞ்சச் சொல்லி ஒரு மறுப்பு. இருதய நோயாளிக்கு அறுபது மாத்திரை சொல்லி ஒரு மறுப்பு. கவனமாக, இம்மி பிசகாமல், தப்பாகத் தட்டுவாள். வேறு கடைகளில் நாற்பது நாள் ஆகிற மருந்து மூலைக் கடையில் மறுநாளே கிடைக்கிறது என்ற செய்தி பரவி, நாலு தெரு தள்ளியிருந்தெல்லாம் வந்தார்கள். எப்படி என்று யாரும் கேட்கவில்லை. முதலாளி மட்டும் ஒரு நாள், "ஏம்மா, ஏதாவது தப்புத்தண்டா…?" என்று ஆரம்பித்து, வாசலில் நின்ற வரிசையைப் பார்த்துவிட்டு, "தப்பா இருந்தா எங்கிட்ட சொல்லிடாத" என்று முடித்துக்கொண்டார்.

பதினொரு மாதம் ஓடியது. பிறகு தம்பி ஒரு காகிதத்தோடு கடைக்கு வந்தான்.

"அக்கா, நான் ஒரு நாளைக்கு முப்பது மாத்திரை திங்கறேனாம். எனக்கே தெரியாம எப்பக்கா தின்னேன்? தூக்கத்துலயா?"

கம்பெனியின் நோயாளிப் பாதுகாப்புப் பிரிவு எழுதிய கடிதம். அப்படி ஒரு பிரிவு இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. தாங்கள் நாளொன்றுக்கு முப்பது வீதம் பதினொரு மாதமாக மாத்திரை உட்கொண்டுவருவதாக அறிந்து மிகுந்த கவலை அடைகிறோம். தங்கள் நலன் கருதித் தங்களுக்கான எல்லா மருந்து விநியோகமும், இரு கைகளாலும், நிறுத்தி வைக்கப்படுகிறது. பதினொரு மாதம் அப்படித் தின்றவன் எப்படி உயிரோடு இருக்கிறான் என்று அந்தப் பிரிவில் ஒருவருக்கும் ஆச்சரியம் வந்ததாகத் தெரியவில்லை. உயிரோடு இருப்பவனின் சௌகரியத்தைக் கேட்டு அடியில் ஒரு புன்னகைப் படம் வேறு போட்டிருந்தார்கள்.

மருந்தம்மா தம்பியைப் பின்பக்கம் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

"அப்ப ஒவ்வொரு மாசமும் என்னைய ஒரு பைத்தியக்காரனா எழுதித்தான் எனக்கு மாத்திரை வாங்கியிருக்க."

"வேற வழி தெரியலடா."

"தப்புன்னு சொல்லல. முப்பதுக்குப் பதிலா ஒரு மூணுன்னு போட்டிருந்தா கொஞ்சம் மரியாதையா இருந்திருக்கும்."

"மூணுன்னா பரிசீலனைக்குப் போயிடும். போட்டுப் பாத்துட்டேன்."

அவன் சிரித்துவிட்டான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "கையில எத்தனை இருக்கு?" என்றாள்.

"பதினொண்ணு."

அன்றே திருத்தப் படிவம் எடுத்தாள். பிழை யாருடையது என்ற கேள்விக்கு மூன்று கட்டங்கள்: நோயாளி, மருத்துவர், மருந்தாளுநர். கம்பெனி, திட்டம் என்ற கட்டங்கள் அச்சாகவில்லை. அவர்கள் பிழை செய்கிற ஜாதி இல்லை. மருந்தாளுநர் என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டாள். விசாரணை வந்தால் உரிமம் போகும் என்று தெரியும். போனால் போகிறது என்று அனுப்பினாள். உடனே பதில் வந்தது, இந்த விஷயத்தில் மட்டும் அவர்களுக்கு என்ன வேகம்: "தங்கள் திருத்தம் பரிசீலனையில் உள்ளது. நாற்பது நாட்களுக்குள் தெரிவிக்கப்படும்."

டாக்டர் வேறு மாத்திரை எழுதிப் பார்த்தார். ஆளுக்கே தடை, எந்த மாத்திரையும் வராது. மருந்தம்மா அன்றோடு தப்பாகத் தட்டுவதை நிறுத்தினாள். இன்னொருவர் வீட்டுக்கும் இப்படி ஒரு கடிதம் போகக்கூடாது. வரிசை மறுபடி நாற்பது நாள் வரிசையானது.

தம்பி பதினொரு மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் தின்றான், அக்காவிடம் சொல்லவில்லை. இருபத்தைந்தாம் நாள் மத்தியானம் கடைக்கு வந்தவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். தம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு குடித்தான். விரல் ஒன்றுகூட அசையவில்லை.

"வேலைக்கு?"

"லீவு சொல்லியிருக்கேன். காய்ச்சல்னு." தம்ளரைக் கீழே வைப்பதற்குள் பாதி சிந்தியது. "ஏன் பாக்கற? நீ மட்டும்தான் பொய் எழுதுவியா?"

இந்த நிலைமையில்தான் மூலைக் கடைக்கு விருது வந்தது.

சென்ற வருடத்தில், நாடு முழுவதிலும் மிக வேகமாக மருந்து கிடைக்கச்செய்த கடை என்று கணினி கண்டுபிடித்துச் சொல்லியிருந்தது. சராசரி ஒரு நாள். கேடயம் கொடுக்க அரசாங்கத்திலிருந்து திட்ட அதிகாரியும் கம்பெனியிலிருந்து ஒரு மேலாளரும் சேர்ந்து வருவதாகக் கடிதம். முதலாளி சுவருக்கு வெள்ளை அடித்தார். காலாவதியான காது சொட்டு மருந்து விளம்பரத்தைக் கிழித்தார். மருந்தம்மாவிடம் வந்து, "நீ ஒண்ணும் பேச வேணாம். சிரிச்சா போதும்" என்றார்.

"சிரிப்பு வந்தா சிரிக்கிறேன்" என்றாள்.

வந்தார்கள். அதிகாரி கொஞ்சம் பருமன், வேர்த்துக்கொண்டே இருந்தார். மேலாளர் இளைஞன், சென்ட் மணம் ஆளுக்கு முன்னால் வந்தது. இரண்டு பேரும் கேடயத்தை மருந்தம்மா கையில் கொடுத்துவிட்டு, கவுண்ட்டர் முன்னால் பிரசுரத்தில் உள்ளது போலவே கைகுலுக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். தம்பி ஓரமாக, மாஸ்க் அடுக்கிய பெட்டியின் பக்கத்தில் நின்றான். அக்காவுக்குக் கேடயம் என்றால் பார்க்காமல் எப்படி?

"உங்க வேகத்துக்கு என்னம்மா ரகசியம்? மத்தவங்களுக்கும் சொல்லிக்கொடுக்கலாமே" என்றார் அதிகாரி.

"சொல்றேன் சார். முதல்ல எனக்கு ஒரு சந்தேகம். இது என் தம்பி. இவனுக்கு மாத்திரை நின்னு ஒரு மாசமாகப் போகுது. நான் தட்டினதுல தப்பு. திருத்தம் அனுப்பிட்டேன். நீங்க ரெண்டு பேரும் ஒரே இடத்துல கிடைக்கிறது அபூர்வம். இவனுக்கு யார் மாத்திரை தரணும்?"

அதிகாரி தம்பியை அன்போடு பார்த்தார். "பாதுகாப்புத் தடைன்னா அது கம்பெனி சைடு."

"தடை எங்க சைடுதான் சார்," என்றான் மேலாளர், "ஆனா தடையை மதிக்கணும்னு விதி போட்டது உங்க சைடு."

"விதி போட்டது உங்க கோரிக்கைப்படிதானே."

"உங்க ஆலோசனைக் குழு கேட்டுக்கிட்டதால சார் கோரினோம்."

இவ்வளவையும் சிரித்த முகத்தோடு, ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டு பேசினார்கள். சம்பந்தி வீட்டில், நீங்க முதல்ல சாப்பிடுங்க, இல்ல நீங்க முதல்ல என்பது போல. இலையில் மட்டும் ஒன்றும் இல்லை. மருந்தம்மாவுக்குத் தொண்டை வரை குமட்டிக்கொண்டு வந்தது. கேடயத்தைக் கவுண்ட்டரில் கவிழ்த்து வைத்தாள்.

"தம்பி, கையக் காட்டு" என்றாள்.

தம்பி காட்டினான். கணுக்கள் வீங்கி, விரல்கள் உள்ளங்கையைப் பார்த்து மடங்கிக் கிடந்தன. அதிகாரி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கைக்குட்டையைத் தேடினார். மேலாளர் நல்ல பையனாக இருக்க வேண்டும். அல்லது நல்ல பையனாக இருப்பதை விட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருக்க வேண்டும். மெல்லப் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"மேடம், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. திருத்தம்லாம் நாற்பது நாள்லயும் வராது. அதுக்கு மறுபரிசீலனைன்னு ஒண்ணு இருக்கு. சீக்கிரம் வேணும்னா ஒரே வழி. இவர் வேலையை விட்டுடட்டும். வேலை இல்லன்னா காப்பீடு இல்ல. காப்பீடு இல்லன்னா எங்க ஃபைல் மூடிடும், தடையும் அதோட போயிடும். அரசாங்கக் கை நேரா குடுக்கும். மறுநாளே."

"அவன் மாத்திரை சாப்பிடறதே அந்த வேலைக்குப் போறதுக்குத்தான்."

"புரியுது மேடம். சிஸ்டத்துக்குப் புரியாது."

மருந்தம்மா அவனை எப்படிப் பார்த்தாளோ, அவன் இரண்டடி பின்வாங்கினான். அவள் வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான்.

"இவ்வளவுதானா? ஒரு மாசமா இத யாரும் சொல்லலையே."

"டேய், பதினெட்டு வருஷ வேலைடா."

"இந்தக் கைய வெச்சுக்கிட்டு இன்னும் எத்தனை நாளைக்குக்கா காய்ச்சல்னு சொல்றது? அவங்களா அனுப்பறதுக்கு முன்னாடி நானே போயிடறேன்."

அவள் பிடித்து நிறுத்தப் பார்த்தாள். எங்கே பிடிப்பது? கையைத் தொட்டால் வலிக்கும். தோளைப் பிடித்தாள். அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான். ராஜினாமாக் கடிதத்தை அவன் மனைவிதான் எழுதியிருக்கிறாள். அவன் சொல்லச் சொல்ல, வரிக்கு வரி திட்டிக்கொண்டே.

மேலாளர் பொய் சொல்லவில்லை. கடிதம் கொடுத்த மறுநாளே, பத்தரை மணிக்குப் பெட்டி வந்தது. பெட்டியின் மேல் கைகள் குலுக்கிக்கொண்டிருந்தன. பெற்றுக்கொள்பவர் கையெழுத்து என்ற இடத்தில் தம்பி பேனாவை முஷ்டியால் பற்றி, தோளிலிருந்து முழுக் கையையும் இழுத்து ஒரு கோடு கிழித்தான். கோழி கிளறின மாதிரி இருந்தது. பதிவில் உள்ள கையெழுத்தோடு பொருந்துகிறதா என்று திரை கேட்டது. இனி ஒரு பொய் தட்டுவதில்லை என்று முடிவெடுத்திருந்த மருந்தம்மா, ஒரு வினாடிகூட யோசிக்காமல், பொருந்துகிறது என்று தட்டினாள்.

முதல் மாத்திரையை அவளே பிரித்து அவன் வாயில் போட்டாள்.

"கை எப்பக்கா திறக்கும்?"

"ரெண்டு வாரம், மூணு வாரம்."

"அப்ப அடுத்த மாசம் வேலை தேடலாம்." தண்ணீரை விழுங்கிவிட்டு நிறுத்தினான். "வேலை கிடைச்சா மறுபடி காப்பீடு வருமில்ல?"

அவள் மாத்திரை அட்டையைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தாள்.

"காப்பீடே இல்லாத வேலையாப் பாக்கணும்" என்றான். ரொம்ப யோசித்துக் கண்டுபிடித்ததுபோல் சொன்னான்.

ஆறு வாரத்தில் கிடைத்தது. கட்டுமானம் நடக்கிற இடங்களில் சரக்கு லிஃப்ட் மாட்டிக் கழற்றுகிற ஒரு சின்ன ஒப்பந்தக்காரர். காப்பீடு இல்லை, சம்பளச் சீட்டு இல்லை, விடுமுறை இல்லை. உயரத்தில் நிற்கும்போது இடுப்பில் கட்டுகிற பாதுகாப்புப் பட்டையும் இல்லை. "இந்தத் திட்டத்துக்கு உன் தம்பி மாதிரி ஆளுங்கதான் சாட்சி" என்று முதலாளி சொல்லப்போய், மருந்தம்மா அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

தம்பி வேலைக்குப் போகிற முதல் நாளுக்கு முந்தின நாள், கடைக்கு வரும் வழியில் அவள் இரும்புச் சாமான் கடையில் ஏறினாள். இடுப்புப் பட்டை கேட்டாள். கடைக்காரர் இரண்டு மூன்றை எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றின் கொக்கியையும் இழுத்து இழுத்துப் பார்த்தாள். ஒரு கொக்கி லேசாக ஆடியது.

"அதெல்லாம் சும்மா கம்பெனி ஸ்டைலும்மா, ஒண்ணும் ஆகாது" என்றார் கடைக்காரர்.

"கம்பெனி பேச்சே வேணாம்ங்க" என்றாள் மருந்தம்மா. "வேற எடுங்க. நான் தொங்கிப் பாத்துட்டுத்தான் வாங்குவேன்."

தொங்கியும் பார்த்தாள். கடை வாசலில், உத்தரத்துக் கம்பியில், ஐம்பத்தொரு வயதில், தெருவே நின்று வேடிக்கை பார்க்க.